ஃபினெஸ்: பத்துக்கு இரண்டு

எனக்கு ஃபினெஸ் இல்லை என்பது ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரை எனக்கு இல்லாதவை தலைமுடியும் பொறுமையும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் மூன்றாம் நம்பர் தொலைபேசி என்னுடையது. இருபத்திரண்டு வருடங்களாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடிக்கும். எடுப்பேன். எந்த வார்டு, எந்தத் தெரு, எத்தனை நாளாக வரவில்லை என்று கேட்பேன். கேட்பேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. உண்மையில் கத்துவேன். என் தொண்டையின் வாகு அப்படி. பக்கத்து அறையில் இருக்கும் பில் பிரிவுக்காரர்கள் நான் எந்தத் தெருவோடு பேசுகிறேன் என்பதைச் சுவர் வழியாகவே தெரிந்துகொள்வார்கள். அந்தத் தெருவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் எட்டிப் பார்த்து, "நம்ம ஆளுங்க, கொஞ்சம் கவனிங்க" என்று சொல்லிவிட்டும் போவார்கள்.

போனை வைத்ததும் வாக்கி டாக்கியை எடுத்து வால்வுக்காரரிடம் அதே சத்தத்தில் சொல்வேன். அவர் ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் வால்வைத் திருகுவார். தண்ணீர் வரும். நோட்டில் ஒரு டிக் அடிப்பேன். பேச்சுக்கு ஆகும் நேரம் நாற்பது வினாடி.

தினமும் காலை எட்டு ஐந்துக்கு பள்ளிக்கூடத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிடுவார். பதினோரு வருடப் பழக்கம். முகம் பார்த்ததில்லை, பெயர் கேட்டதில்லை. எங்கள் பிரிவில் அவருக்கு எட்டஞ்சு அம்மா என்று பெயர்.

"இன்னைக்கும் வரல."

"நேத்து வந்துச்சா, இல்லையா?"

"நேத்து வந்ததை இன்னைக்கு எப்படிக் குடிக்கிறது?"

"புடிச்சு வைக்க வேண்டியதுதானே!"

"புடிச்சு வைக்க எங்க வீட்ல என்ன ஏரியா இருக்கு? முதல்ல கத்தாம பேசுங்க!"

"நான் எங்க கத்துறேன்!" என்று கத்துவேன்.

எட்டரைக்குள் அவர் வீட்டுக்குத் தண்ணீர் போய்விடும். நன்றி என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. ஒருநாள் கூப்பிடாவிட்டால் மட்டும் இருவருக்கும் ஏதோ சரியில்லாதது போலிருக்கும். அவருக்கு எப்படியோ, எனக்கு அப்படி.

இந்த நிலையில்தான் வருடாந்தர மதிப்பீட்டுப் படிவம் வந்தது. நேரந்தவறாமை என்ற கட்டத்துக்கும் கையெழுத்துத் தெளிவு என்ற கட்டத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. ஃபினெஸ். பத்துக்கு எவ்வளவு என்று போட வேண்டும். எனக்கு இரண்டு. ஐந்துக்குக் கீழே வாங்கியவர்கள் மூன்று மாதத்துக்குள் முன்னேற்றம் காட்டாவிட்டால், பொதுமக்களோடு பேச அவசியமில்லாத கழிவுநீர் ஏற்று நிலையத்துக்கு மாற்றப்படுவார்கள் என்று அடியில் ஒரு வரி.

தலைமை எழுத்தரிடம் போனேன்.

"சார், இது என்ன வார்த்தை?"

"மேலிடத்து வார்த்தை."

"அர்த்தம் என்ன சார்?"

"இப்போதைக்கு வார்த்தைதான் வந்திருக்கு. அர்த்தம் பின்னாடி வரும்."

அலுவலகமே கலங்கிப் போயிருந்தது. ஃபைன் வசூலிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து கேஷியர் ரசீதுப் புத்தகத்தோடு ஒரு மேஜையைத் தனியாகப் போட்டுவிட்டார். வாசல் காவலாளி அதை ஃபிட்னஸ் என்று எடுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் முன்னால் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். வால்வுக்காரர் ஃபினிஷிங் என்று புரிந்துகொண்டு தன் இரும்புச் சாவிக்கு வெள்ளி பெயின்ட் அடித்துவிட்டார். மூன்றாம் நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது.

"ஃபினெஸ் என்னும் சொல்லின் பொருள் குறித்துப் பணியாளர்கள் சிலர் வினவியுள்ளதாகத் தெரிய வருகிறது. ஃபினெஸ் உடையவர்கள் அவ்வாறு வினவ மாட்டார்கள் என்பது இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது."

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டில் என் மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலேயே படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டு மார்க் போட்டிருக்காரே உங்க ஆபீசர். தங்கமான மனுஷர்."

"விளையாடாத. மாத்தல் பண்ணிருவாங்க."

"அப்போ என் தம்பியைக் கேளுங்க. அவன்தான் வீட்ல இங்கிலீஷ் வச்சிருக்கான்."

மச்சான் ஆங்கில வாத்தியார். தலையணை அளவுக்கு ஓர் அகராதியும் நல்ல சீட்டாட்டப் பழக்கமும் உண்டு. அகராதியை மடியில் வைத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டினான்.

"மூணு அர்த்தம் இருக்கு மாமா. முதல் அர்த்தம், நயம். நாசூக்கு. ஒரு காரியத்தை அலுங்காம குலுங்காம செய்யறது."

"சரி."

"ரெண்டாவது, சீட்டாட்டத்துல வர்றது. கையில பெரிய சீட்டை வச்சுக்கிட்டே சின்ன சீட்டை இறக்கி, அதை வச்சே பிடியைத் தட்டிட்டுப் போறது."

"மூணாவது?"

"அது பேச்சுவழக்கு. எதிராளி சிரிச்சுக்கிட்டே ஏமாறுற மாதிரி நைஸா அவன் தலையில மிளகாய் அரைக்கிறது."

"இதுல ஆபீஸ் கேக்கறது எதுடா?"

மச்சான் அகராதியை மூடினான். "எழுத்துல எப்பவும் முதல் அர்த்தம்தான் மாமா" என்றான். எழுத்தைத் தவிர வேறு எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நயம் என்ற சொல்லே எனக்கு அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. மளிகைக் கடையில் நயம் பருப்பு கேட்டு வாங்கத் தெரிந்தவனுக்கு நயமாக நடக்கத் தெரியாமலா போய்விடும் என்று என்மேல் நானே நம்பிக்கை வைத்தேன்.

பயிற்சி வகுப்பு கூட்ட அரங்கில் பத்து நாட்கள் நடந்தது. துணை இயக்குநர் தொடங்கி வைத்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லாத மனிதர். சட்டைக்குள் இருக்கும்போது அவர் மூச்சு விடுவதில்லை என்று பில் பிரிவில் பேசிக்கொள்வார்கள்.

"நண்பர்களே," என்றார், "பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வாரியத்தின் உயர் பொறுப்புகளில் இருக்கிறேன். இதுவரை ஒரு வீட்டுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் அனுப்பியதில்லை. ஆனால் என்மீது ஒரே ஒரு புகார் உண்டா? கிடையாது. காரணம் என்ன? என் தொலைபேசி எண் யாரிடமும் இல்லை. அதுதான் ஃபினெஸ்."

கைதட்டினோம். கேஷியர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"தண்ணீர் வானம் தருவது. அதில் நமக்கென்ன பெருமை? தண்ணீர் வருகிற வீட்டில் வாரியத்தை யாராவது நினைக்கிறார்களா? வராத வீட்டில்தான் காலை முதல் இரவு வரை நம்மை நினைக்கிறார்கள். அந்த நினைவை இனிமையாக்குவதே நம் கடமை."

மறுபடியும் கைதட்டினோம். இந்த முறை நான் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே தட்டினேன். இரண்டு மார்க் வாங்கியவன் வேறு என்ன செய்வான்?

பயிற்சியாளர் அம்மையார் குரலை உயர்த்தாமலே முந்நூறு பேரை உட்கார வைக்கக்கூடியவர். தொலைபேசி ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டச் செய்தார். பேசும்போது நம் பற்கள் நமக்கே தெரிய வேண்டும். இல்லை, தெரியாது, வராது என்ற மூன்று சொற்களுக்கும் தடை. தண்ணீர் வரவில்லை என்று யாராவது சொன்னால், "நீர் தற்சமயம் தங்களை நோக்கிய பயணத்தில் உள்ளது" என்று சொல்ல வேண்டும். குழாய் உடைந்திருந்தால், "குழாய் தன் எல்லையைக் கடந்து சேவையாற்றுகிறது." சாக்கடை கலந்து வந்தால், "தங்களுக்கு வழங்கப்படும் நீரில் கூடுதல் தன்மைகள் இடம்பெற்றுள்ளன."

"ஒருத்தர் முதல்முறை கூப்பிடும்போது நாம் கேட்கிறோம்," என்றார் அம்மையார். "இரண்டாம் முறை உணர்கிறோம். மூன்றாம் முறைதான் பதிவு செய்கிறோம். முதல் அழைப்பிலேயே வால்வுக்காரருக்குத் தகவல் கொடுப்பது அநாகரிகம். அது அவசரத்தைக் காட்டும்."

"அவசரம்னா என்ன பண்றதுங்க?" என்றேன் நான்.

"உங்கள் பற்கள் தெரியவில்லை," என்றார் அம்மையார்.

இனி நான் சொல்லப் போவது எனக்கே வெட்கமான விஷயம். நான் அந்த வகுப்பின் முதல் மாணவனாகிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகக் கத்தியவனுக்குள் இவ்வளவு தேன் எங்கே இருந்தது என்று அம்மையாரே வியந்தார். வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையை நனைத்துக்கொண்டேன். நடையை மாற்றினேன். கதவுகளை இரண்டு விரலால் மூடக் கற்றேன். கத்திப் பேசும் மனிதர்களைத் தெருவில் பார்த்தால், பாவம், இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும் என்று இரக்கப்பட்டேன். வீட்டிலும் பயிற்சியை விடவில்லை.

"அந்த ஜன்னலைத் தாங்கள் சாத்தும் வாய்ப்பு தற்சமயம் உள்ளதா?" என்றேன் மனைவியிடம்.

அவள் மெஷினை நிறுத்தினாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் பேச்சுக்காக அவள் மெஷினை நிறுத்தியது அதுதான் முதல்முறை. எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே," என்றாள்.

நாற்பது வினாடி ஆன பேச்சு ஆறு நிமிடம் ஆயிற்று. ஒரு நாளைக்கு முந்நூறு வந்த புகார் முப்பத்தைந்தாகக் குறைந்தது. மக்கள் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை, மகிழ்ந்துபோய் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் ஃபினெஸ் மதிப்பெண் எட்டு ஆயிற்று. வரவேற்பறையில் என் படத்தை மாட்டினார்கள். அதில் என் பற்கள் முழுவதும் தெரியும்.

பயிற்சி முடிந்த முதல் வாரத்திலேயே, எட்டு ஐந்துக்கு மணி அடித்தது.

"வணக்கம். தங்களின் அழைப்பால் வாரியம் பெருமை கொள்கிறது."

மறுமுனையில் ரிசீவரை இரண்டு முறை தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"யாருங்க இது? வழக்கமா ஒருத்தர் கத்துவாரே, அவரு எங்க?"

நான் என்று சொல்லலாமா? அழைப்பவரிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. இல்லை என்ற சொல்லும் கூடாது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன்.

"அவர் தற்சமயம் வேறொரு நிலையை அடைந்துவிட்டார்."

"ஐயோ!" என்றார் அந்த அம்மாள். "எப்போ?"

"சென்ற திங்கட்கிழமை."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

பயிற்சியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "தொடக்கத்தில் சற்றுச் சிரமம் இருந்தது. இறுதியில் மிகவும் அமைதியாகிவிட்டார்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. திருத்தலாம் என்றால் எந்த விதியின்படி திருத்துவது என்று தெரியவில்லை. செத்துப்போனதாக நம்பப்படும் ஊழியர் அழைப்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அம்மையார் சொல்லித்தரவில்லை.

"கத்துவாரு," என்றார் அந்த அம்மாள். "ஆனா கத்தி முடிச்ச கால்மணி நேரத்துல தண்ணி வந்துரும். இந்தக் காலத்துல யாருங்க அப்படி? அவரு வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"தைத்துக்கொண்டிருக்கிறார்கள்," என்றேன்.

"பாவம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எதற்காகக் கூப்பிட்டார் என்பதைச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. 'அழைத்தவர் நெகிழ்ந்தார்' என்று புதுப் பதிவேட்டில் எழுதினேன். அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது.

அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க நான் சாக வேண்டியிருந்தது என்ற நினைப்பு ஒருபுறம். உயிரோடு இருப்பதை ஒரு விதிக்குப் பயந்து சொல்லாமல் விட்டவன் நான் என்ற நினைப்பு மறுபுறம். மறுநாள் எட்டு ஐந்துக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. மறைந்த ஊழியருக்கு இரங்கல் தெரிவித்து வாரியத்துக்கு அந்த அம்மாள் எழுதியது. 'நல்ல மனிதர்' என்ற சொல் அதில் இருந்ததால், தலைமை எழுத்தர் அதைப் பாராட்டுக் கடிதங்கள் கோப்பில் சேர்த்துவிட்டார். என் மதிப்பெண் எட்டிலிருந்து எட்டரை ஆயிற்று.

பத்து நாள் கழித்து வால்வுக்காரர் என் மேஜைக்கு வந்தார். வெள்ளிச் சாவி பளபளவென்றிருந்தது.

"அண்ணே, ஊரு பூரா தண்ணி ஒழுங்கா வருதா?"

"நீர் தற்சமயம் பயணத்தில்…"

"அதை விடுங்கண்ணே. எனக்கு வேலையே வரல. வாக்கி டாக்கி ரிப்பேரான்னு பேட்டரியை மாத்திப் பார்த்தேன். நேத்து சும்மா பள்ளிக்கூடத் தெரு பக்கம் போனா, வால்வு மூடியே கெடக்கு. மேல சிலந்தி வலை கட்டியிருக்கு. ரெண்டு வாரமா சொட்டுத் தண்ணி இல்லையாம். கால்ல கட்டுப் போட்ட ஒரு வயசான அம்மா, பக்கத்துத் தெருவுல இருந்து ரெண்டு வாளி தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறுது. ஏம்மா போன் பண்ணலைன்னு கேட்டேன். போன் எடுக்கிற ஆளு செத்துட்டாரு, புதுசா வந்தவரு பேசறது ஒண்ணும் விளங்கலைன்னு சொல்லுது."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பற்கள் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே வால்வுக்காரரோடு போனேன். அவர் தெருமுனையில் நின்றுவிட்டார். நான் மூன்று மாடி ஏறினேன். வெறுங்கையோடு ஏறியே எனக்கு மூச்சு வாங்கிற்று. கதவைத் திறந்தது ஒடிசலான ஓர் அம்மாள். வயது எழுபதை ஒட்டி இருக்கும். கணுக்காலில் கட்டு. அவருக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குப் புத்தகங்கள்.

வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. "வணக்கம். தங்களின் பொன்னான நேரத்துக்கு வாரியம் நன்றி பாராட்டுகிறது."

"ஓ, அந்தப் புது ஆளா?" என்றார். "நல்லா இருக்கீங்களா? செத்துப்போன மனுஷன் சீட்ல உக்காந்துக்கிட்டு வாயிலேயே தேன் வடிக்கிறீங்களே, ஒரு வாளி தண்ணிக்கு வழி பண்ணீங்களா?"

"நான்தாங்க அது."

"எது?"

"செத்துப்போனவரு."

அவர் கதவைப் பாதி சாத்தினார். "பதினோரு வருஷமாக் கேட்ட குரலுங்க. எனக்குத் தெரியாதா? அவரு பேசினா காதுல இருந்து போனை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கணும். நீங்க பேசறது மருந்து சீசாவுல இருந்து வர்ற மாதிரி இருக்கு."

நிரூபிக்க வேண்டும் என்று முயன்றேன். வாயைத் திறந்தால் வழுவழுவென்று ஏதோ வந்தது, என் குரல் வரவில்லை. இந்த வயதில் என் தொண்டையை நானே தொலைத்துவிட்டு அடுத்தவர் வாசலில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அழுகை வரும்போல இருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கீழேயிருந்து வால்வுக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணே! ரொம்ப நாளாச்சா, எந்தப் பக்கம் திருகணும்னு மறந்துபோச்சு! வலதா, இடதா?"

"இடதுய்யா, இடது! இருபது வருஷமா திருகுறியே, இதுகூடவா மறந்துபோச்சு? இன்னும் அழுத்தித் திருகு!"

மூன்று மாடியிலும் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு குழந்தை அழுதது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். உள்ளே சமையலறைக் குழாய் இருமியது. காற்று வந்தது, பழுப்பாக ஏதோ வந்தது, பிறகு தண்ணீர் வந்தது.

"உயிரோட இருந்துக்கிட்டேவா என்னைப் படியேற விட்டீங்க?" என்றார்.

வெறும் வாளிகள் நாலைந்தும் ஒரு பெரிய அண்டாவும் வரிசையாக இருந்தன. அவற்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போதுதான், "முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துல இலக்கணம் நடத்தினேன். இனிமே நீங்க எழுதற எதுவா இருந்தாலும் எங்கிட்டக் காட்டிட்டு எழுதுங்க," என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வேறு ஊர்களின் வாரியங்களிலிருந்து நாற்பது அதிகாரிகள் எங்கள் ஃபினெஸைப் பார்வையிட வந்தார்கள். மேடையில் ஒரு மேஜை. மேஜையில் என் தொலைபேசி. அதை ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். உண்மையான அழைப்பு ஒன்றை நான் கையாள வேண்டும். மணி அடித்தது.

"சார், மருந்துக்கடை முக்குல மெயின் குழாய் வெடிச்சிருச்சு! ரெண்டாள் உயரத்துக்குப் பீச்சி அடிக்குது! கடைக்குள்ள எல்லாம் தண்ணி!"

தங்கள் பகுதியில் நீர் உற்சாகமாக இருப்பதறிந்து மகிழ்கிறோம் என்று நான் தொடங்கியிருக்க வேண்டும். அம்மையார் முன்வரிசையில் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார். வாளியோடு படியேறுகிற ஒரு கால்கட்டு என் கண்முன் வந்தது.

"எந்த மருந்துக்கடை? பஸ் நிறுத்தம் பக்கமா, ஆஸ்பத்திரி பக்கமா?" என்று கத்தினேன். ஒலிபெருக்கி ஊளையிட்டது. "ஆஸ்பத்திரி பக்கமா! கரன்ட் மெயினை முதல்ல ஆஃப் பண்ணுங்க! ஆளு வர்றாரு!" வாக்கி டாக்கியை எடுத்து வால்வுக்காரரைக் கூப்பிட்டேன். எல்லாம் முப்பத்தைந்து வினாடி.

போயிற்று என் வேலை என்று நினைத்தேன். துணை இயக்குநர் எழுந்து வந்தார். சட்டையில் இப்போதும் சுருக்கமில்லை. மைக்கைப் பிடித்தார்.

"அற்புதம்! ஃபினெஸ் வருவதற்கு முன்னால் நம் வாரியம் எப்படி இருந்தது என்பதை எவ்வளவு தத்ரூபமாக நடித்துக் காட்டினார், பார்த்தீர்களா? அந்தக் காட்டுமிராண்டிக் காலத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்!"

நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் வணங்கினேன். இதைச் சொல்லாமல் மறைக்கலாம், ஆனால் உண்மை: வணங்கினேன், அதுவும் இரண்டு முறை.

"உங்களை மாதிரி ஆள் இங்கே வீணாகக் கூடாது," என்று தோளில் தட்டிக்கொடுத்தார் துணை இயக்குநர். நாலு நாளில் கடிதம் வந்தது.

"அர்ப்பணிப்பின் நறுமணம் கமழும் தங்களது ஒப்பற்ற குரல்வளம் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதை வாரியம் மனவருத்தத்துடன் உணர்ந்துள்ள இவ்வேளையில், தொலைபேசி முதலான இடையூறுகள் ஏதுமற்ற விரிந்த பெருவெளியில், நகரின் அன்றாட வாழ்வனைத்தும் இறுதியில் வந்து சங்கமிக்கும் பெருமைமிகு நிலையத்துக்கு, மேலும் மலர்ந்து மணம் பரப்பும் பொருட்டு, தாங்கள் வரும் முதல் தேதி தொட்டு மகிழ்வுடன் செல்வீராக."

மூன்று முறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட உயர்ந்த பதவி கண்ணில் பட்டது. அலுவலகம் முழுவதற்கும் சாக்லேட் கொடுத்தேன். தலைமை எழுத்தர் என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு எடுத்துக்கொண்டார். மனைவி புதுச் சட்டைக்கு அளவெடுத்தாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு, பெருமை தாங்காமல், மூன்று மாடி ஏறினேன்.

டீச்சர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார்.

"நறுமணம், அடைமொழி, வேண்டாம். மனவருத்தம், வேண்டாம். மலர்ந்து மணம் பரப்பும், நீங்க என்ன செடியா? சரி. இதுல எழுவாய் எது?"

"தெரியல டீச்சர்."

"'தாங்கள்'. பயனிலை?"

கடிதத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன்.

"'செல்வீராக'. எழுவாய் நீங்க, பயனிலை போ. நடுவுல இருக்கிறதெல்லாம் ஜிகினா. எங்க போகச் சொல்லியிருக்கு? ஊரோட அன்றாட வாழ்வனைத்தும் கடைசியா எங்க போய்ச் சங்கமிக்கும்?"

"கடல்லயா?"

"அதுக்கு முன்னாடி."

கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கழிவுநீர் ஏற்று நிலையம். எட்டரை மதிப்பெண் வாங்கி, படம் மாட்டி, கைதட்டு வாங்கி, மாற்றல் உத்தரவுக்குச் சாக்லேட்டும் கொடுத்திருக்கிறேன். இப்படிச் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டியவன் எங்கள் வாரிய வரலாற்றிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

"பதில் எழுதணும் டீச்சர்," என்றேன். "மரியாதைக்குரிய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்…"

"'போக மாட்டேன்'னு எழுதுங்க."

"வெறுமனேயா?"

"எழுவாய்கூட வேண்டாம். கையெழுத்துல தெரிஞ்சிரும்."

எழுதினேன். ஒரு முழுத் தாளின் நடுவில் இரண்டே சொற்கள். போக மாட்டேன். கீழே கையெழுத்து. மறுநாள் தபால் பெட்டியில் போட்டேன். மனைவியிடம் சொன்னதற்கு, "போகாட்டி என்ன, மெஷின் இருக்கு" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அந்த மூன்று மாதத்தில் யாரும் என்னிடம் பேசிய எல்லாவற்றையும்விட நயமாக இருந்தது.

ஆனால் வேலை போகவில்லை. நடந்தது வேறு. என் கடிதம் தலைமை எழுத்தரிடமிருந்து பிரிவு அலுவலருக்கும், அங்கிருந்து துணை இயக்குநருக்கும், அங்கிருந்து சட்டப் பிரிவுக்கும் போயிற்று. யாருக்கும் அது புரியவில்லை. இவ்வளவு சுருக்கமாக ஒருவர் எழுதினால் அதற்குள் ஆழமான ஏதோ ஒன்று ஒளிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் பயந்தார்கள். போக மாட்டேன் என்பது மறுப்பா, பணிவா, வருத்தமா, இல்லை ஃபினெஸின் உச்சநிலையா என்று கோப்பில் எட்டுப் பக்கங்களுக்குக் குறிப்புகள் சேர்ந்தன. பொருள் காண ஐந்து பேர் குழு அமைக்கப்பட்டது. குழு அறிக்கை தரும்வரை உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. முதல் தேதி வந்தது, போயிற்று. நான் என் நாற்காலியிலேயே இருக்கிறேன். கண்ணாடியைப் பிய்த்து மனைவியின் தையல் மேஜைக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் குழுத் தலைவரே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தங்களின் கடிதத்தை மீண்டும் மீண்டும் வாசித்து வருகிறோம். அதன்மூலம் தாங்கள் உணர்த்த விழைவது என்ன?"

"போக மாட்டேன் சார்."

"புரிகிறது. அதற்கும் அப்பால்?"

"அதுக்கு அப்பால் ஒண்ணும் இல்ல சார்."

"அப்பால் ஒன்றுமில்லை," என்று அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "மிகவும் நுட்பமாக இருக்கிறது. எங்களுக்கு இன்னும் ஆறு மாதம் தேவைப்படும்."

"ஆகட்டும் சார்."

அவர் வைக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, குழுத் தலைவர் குரலில் இல்லாமல், வீட்டிலிருந்து பேசுகிற ஒருவரின் குரலில், மெதுவாகச் சொன்னார்:

"எங்க தெருவுலயும் நாலு நாளா தண்ணி வரலைங்க."

"அதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்!" என்றேன். பில் பிரிவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.